முதலில் படகு, பிறகு தீவு

மாலத்தீவுக்குப் போக நினைக்கிறவர்கள் பெரும்பாலும் அறையிலிருந்துதான் திட்டத்தைத் தொடங்குகிறார்கள். முதல் முறை நானும் அப்படித்தான் செய்தேன். இளநீலத் தண்ணீருக்கு மேல் மரக்கால்களில் நிற்கும் குடில், அதன் படிக்கட்டு நேரே கடலுக்குள் இறங்கும் அழகு, அதில் கால் நனைத்தபடி யாரோ ஒருவர் காப்பி குடிக்கும் படம் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, ஐந்து இரவுகளுக்கான பணத்தைத் திரும்பப் பெற முடியாத கட்டணத்தில் கட்டிவிட்டேன். விமானச் சீட்டை அதற்குப் பிறகுதான் தேடினேன். விலை குறைவு என்பதற்காக மாலை 5.10-க்கு வேலானா விமான நிலையத்தில் இறங்கும் விமானத்தைப் பதிவு செய்தேன். விடுதி இருந்ததோ பா அடோல் என்னும் தீவுக்கூட்டத்தில். அங்கே போவதற்குக் கடல் விமானம் வேண்டும். கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும் என்பதையும், அன்றைய கடைசி விமானம் ஏற்கெனவே கிளம்பிவிட்டது என்பதையும், வரவேற்பு மேசையில் என் பெயர் எழுதிய அட்டையுடன் நின்றிருந்த இளைஞர் மிகுந்த மரியாதையுடன் எனக்குத் தெரிவித்தார்.

அன்றிரவு விமான நிலையத்தை அடுத்த ஹுல்ஹுமாலேயில் வேறொரு விடுதியில் தங்கினோம். ஒரே இரவுக்கு இரண்டு அறைகளுக்குப் பணம் கட்டிவிட்டு, இரண்டாவது அறையின் சன்னலிலிருந்து எதிர்க் கட்டடத்தின் ஏசி இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் எங்கள் விடுமுறையின் முதல் நாள். என் மனைவி எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

இது என் கவனக்குறைவு என்பதில் ஐயமில்லை. ஆனாலும் அந்த நாட்டின் அமைப்பைப் புரிந்துகொள்ளாமல் திட்டமிடும் எவருக்கும் இது நடக்கக்கூடியதே. சுமார் 1,190 தீவுகள் கொண்ட மாலத்தீவில் மக்கள் குடியிருப்பவை ஏறத்தாழ 200 மட்டுமே. எல்லாத் தீவுகளின் நிலப்பரப்பையும் சேர்த்தால் 300 சதுர கிலோமீட்டர் வருகிறது. அந்தத் துண்டு நிலமோ வடக்கிலிருந்து தெற்காக 800 கிலோமீட்டருக்கும் மேலான நீளத்தில், நிலநடுக்கோட்டைத் தாண்டியும் சிதறிக் கிடக்கிறது. பவளப் பாறை வளையத்தின் மேல் மணிகளைப் போலத் தீவுகள் அமர்ந்திருக்கும் அமைப்பைக் குறிக்க உலகம் முழுவதும் வழங்கும் 'அடோல்' என்ற சொல்லே, அந்நாட்டு திவேஹி மொழியின் 'அதொளு' என்பதிலிருந்து போனதுதான். இப்படிப்பட்ட நாட்டில் பெரும்பாலான தீவுகளுக்குப் பேருந்திலோ ரயிலிலோ போக முடியாது என்று சொல்லத் தேவையில்லை. விமான நிலையத்திலிருந்து நாம் தங்கும் தீவுக்கு எதில், எத்தனை மணிக்கு, எவ்வளவு செலவில் போகிறோம் என்பது முடிவாகாதவரை, மற்ற எதையும் முடிவு செய்வதில் பொருளில்லை.

இதை எனக்கு விளங்க வைத்தவர் என் அப்பா. ரயில்வேயில் நேர அட்டவணைகளோடு முப்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்து ஓய்வு பெற்றவர். சென்ற பிப்ரவரியில் இரண்டாம் முறையாக, இம்முறை அவரையும் எங்கள் மகளையும் அழைத்துக்கொண்டு போவதென்று தீர்மானித்தபோது, நான் காட்டிய அறைப் படங்களை அவர் ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "கடைசி இணைப்பு எத்தனை மணிக்குடா?" என்றுதான் கேட்டார். கேட்டுவிட்டு, கோடு போட்ட தாளொன்றில், தீவின் படகுத்துறையிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி எழுத ஆரம்பித்தார்.

அந்தத் தாளின்படியே போக்குவரத்தைச் சொல்கிறேன். கடல் விமானம் அவற்றில் மிக அழகானது, மிக விலை உயர்ந்தது. பதினைந்து பேர் மட்டுமே அமரக்கூடிய சிறிய ட்வின் ஆட்டர் விமானம். ஓட்டுநர்கள் வெறுங்காலோடுதான் ஓட்டுகிறார்கள். வளைய வளையமாகப் பவளத் திட்டுகள் கீழே நகர்வதைக் காண்பதற்காகவே ஒருமுறை ஏறலாம் என்பேன். போக வர ஒருவருக்கு 300 டாலரிலிருந்து 600 டாலர் வரையிலும் ஆகும். அதை விடுதியே ஏற்பாடு செய்யும், பெரும்பாலும் அறை வாடகையில் சேர்க்காமல் தனியாகக் கேட்கும். பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோ என்பது வழக்கமான வரம்பு. எல்லாவற்றையும்விட முக்கியமானது நேரம். நம் பன்னாட்டு விமானம் பிற்பகல் மூன்றரைக்குள் தரையிறங்கினால்தான் அன்றே கடல் விமானம் கிடைக்குமென்று நம்பலாம். திரும்பும்போதும் இதே கதைதான்: நம் விமானம் விடியற்காலையில் என்றால், முந்தைய நாள் பிற்பகலிலேயே தீவை விட்டுக் கிளம்ப வேண்டியிருக்கும்.

உள்நாட்டு விமானம் இரண்டாவது வழி. இது சாதாரண ஓடுதளத்தில் இறங்குவதால் இரவிலும் பறக்கும். ஆனால் இறங்கிய இடத்திலிருந்து இன்னொரு படகு பிடிக்க வேண்டும். மூன்றாவது, விசைப்படகு. தலைநகர் மாலேயை ஒட்டிய தீவுகளுக்கு அரை மணி, முக்கால் மணி நேரம். அரி அடோலின் தென்முனைக்கு இரண்டு மணி நேரம் வரையிலும் ஆகலாம். நான்காவது, உள்ளூர் மக்கள் பயன்படுத்தும் பொதுப் படகு. மாலேயிலிருந்து மாஃபுஷி தீவுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். கட்டணமோ இரண்டு மூன்று டாலரைத் தாண்டாது. நேரம் நிறைய உள்ளவர்களுக்கு இதைவிட இனிமையான பயணம் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை அங்கே வார விடுமுறை. பொதுப் படகுகள் பெரும்பாலும் ஓடுவதில்லை, தனியார் விசைப்படகுகளும் தொழுகை நேரத்தை ஒட்டித் தம் நேரங்களை மாற்றிக்கொள்கின்றன. வெள்ளிக்கிழமை வந்து இறங்கும்படியான விமானச் சீட்டு சற்று மலிவாகக் கிடைத்தால், அந்த மலிவு யாருடைய பையிலிருந்து வருகிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. விசைப்படகு அலைமேல் ஏறி இறங்கும்போது முன்வரிசையில் இருப்பவர்களுக்குத்தான் இடி அதிகம். பின்பக்கம், எஞ்சினுக்கு அருகில், சத்தம் கூடுதலானாலும் குலுக்கல் குறைவு. ஒரே அடோலுக்குள் போகும்வரை வெளிப்பாறை அலையைத் தடுத்துவிடும். ஓர் அடோலிலிருந்து மற்றோர் அடோலுக்குத் திறந்த கால்வாயைக் கடக்கும்போதுதான் கடல் தன் குணத்தைக் காட்டும். ஆகவே எங்கள் கேள்வி, "எந்தத் தீவு அழகு?" என்பதிலிருந்து, "திறந்த கால்வாயைப் படகில் கடக்காமல் எந்தத் தீவுக்குப் போகலாம்?" என்பதாக மாறியது. அப்படி மாறியவுடன் பட்டியல் மளமளவென்று சுருங்கியது.

அடுத்து வந்தது, விடுதித் தீவா ஊர்த் தீவா என்ற விவாதம். 1972-இல் முதல் விடுதி திறக்கப்பட்டபோதிலிருந்தே மாலத்தீவுச் சுற்றுலா, ஆளில்லாத ஒரு தீவில் ஒரே ஒரு விடுதி என்ற முறையில் வளர்ந்தது. மக்கள் வாழும் தீவுகளில் வெளிநாட்டுப் பயணிகள் தங்கும் விருந்தினர் இல்லங்களை அரசு அனுமதித்தது 2009-க்குப் பிறகுதான். சிறைச்சாலைக்காக மட்டும் அறியப்பட்டிருந்த மாஃபுஷி, இன்று தெருவுக்குத் தெரு விருந்தினர் இல்லங்களாக இருக்கிறது. இந்த ஒரு மாற்றத்தால்தான், எங்களைப் போல் கணக்குப் பார்த்துச் செலவழிக்கும் குடும்பங்களுக்கு அந்த நாடு எட்டும் தூரத்துக்கு வந்தது. விடுதித் தீவில் ஓர் இரவுக்கு ஆகும் பணத்தில் ஊர்த் தீவில் நான்கைந்து நாள் இருந்துவிடலாம்.

ஆனால் ஊர்த் தீவு என்பது ஓர் இஸ்லாமிய நாட்டின் ஊர் என்பதை மறந்துவிட்டுப் போகக் கூடாது. அங்கே மது கிடையாது. அது விடுதித் தீவுகளிலும் பயணக் கப்பல்களிலும் மட்டுமே உண்டு. நீச்சல் உடையோடு குளிப்பதற்கென்று தனியாக ஒரு கடற்கரையை ஒதுக்கி, பெரும்பாலும் அதற்குப் 'பிகினி பீச்' என்று பலகையும் வைத்திருப்பார்கள். மற்ற இடங்களில் தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்துவதே முறை. நாம் கொண்டுபோகும் மதுப் புட்டியைச் சுங்கத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, திரும்பும்போது கொடுப்பார்கள். பன்றி இறைச்சி, மின்சிகரெட் ஆகியவற்றோடு, வழிபாட்டுக்குரிய சிலைகளும் தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் உள்ளன. பயணத்தில் சிறிய விக்கிரகம் ஒன்றை உடன் வைத்துக்கொள்ளும் வழக்கமுடையவர்கள் அதை வீட்டிலேயே விட்டுச் செல்வது நல்லது. ரமலான் மாதம் இப்போது பிப்ரவரி, மார்ச் வாக்கில் விழுகிறது. அந்த மாதத்தில் ஊர்த் தீவுகளின் தேநீர்க் கடைகள் பகலில் மூடியிருக்கும். நாங்கள் அதற்கு முன்பே திரும்பிவிடும்படி நாள் குறித்தோம்.

பருவத்தைப் பற்றிப் பயண நிறுவனங்கள் சொல்வது மிகச் சுருக்கமானது: டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல காலம், மே முதல் நவம்பர் வரை மழைக்காலம். வடகிழக்குப் பருவத்தை அந்நாட்டவர் 'இருவை' என்றும், தென்மேற்குப் பருவத்தை 'ஹுல்ஹங்கு' என்றும் சொல்கிறார்கள். இதைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தபோது, அவர்களுடைய பழைய பருவக் கணக்கு என் கண்ணில் பட்டது. ஆண்டை 'நகை' என்னும் 27 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பதின்மூன்று அல்லது பதினான்கு நாள்கள் கொடுத்து, எந்த நகையில் எந்தக் காற்று வீசும், எதில் மீன் கிடைக்கும், எதில் கடலுக்குப் போகக் கூடாது என்று மீனவர்கள் கணித்து வைத்திருக்கிறார்கள். பெயர்களை அப்பாவிடம் படித்துக் காட்டினேன்: அஸ்ஸிதா, புருனு, கெத்தி, ரோனு, மியஹெலியா, அதா. மூன்றாவது பெயரிலேயே அவர் என்னை நிறுத்தி, மீதியைத் தாமே சொல்ல ஆரம்பித்துவிட்டார். அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம், திருவாதிரை. எட்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக இஸ்லாமிய நாடாக இருந்துவரும் ஒரு தேசத்தின் மீனவர்கள், நம் வீட்டு நாள்காட்டியில் உள்ள அதே நட்சத்திரங்களைக் கொண்டு காற்றைக் கணிக்கிறார்கள். ஹுல்ஹங்கு தொடங்குவது ஏப்ரல் 8 வாக்கில் அஸ்ஸிதாவில். இருவை தொடங்குவது டிசம்பர் 10 வாக்கில் மூலத்தில், அவர்கள் சொல்லில் 'முலா'வில். முதலாம் இராசராசன் வென்றதாக அவனுடைய மெய்க்கீர்த்தியில் வரும் 'முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்' இந்தத் தீவுகளைத்தான் குறிக்கிறதென்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள் என்று நான் சொன்னபோது, அந்தப் படையெடுப்பைவிட நட்சத்திரங்கள்தான் அவரை அதிகம் கவர்ந்தன.

'நல்ல காலம்' என்ற சொல்லை நம்புவதற்கு முன், நமக்கு அங்கே என்ன வேண்டும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வானம் தெளிவாகவும் கடல் அமைதியாகவும் இருக்க வேண்டுமென்றால் ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள மாதங்களுக்கு ஈடில்லை; விலையும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். ஆனால் மான்டா திருக்கைகளைப் பார்ப்பதற்காகவே ஒருவர் போகிறார் என்றால், அவர் போக வேண்டியது மழைக்காலத்தில்தான். தென்மேற்குப் பருவத்தின் நீரோட்டம் கடலின் மிதவை நுண்ணுயிர்களைப் பா அடோலுக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது. அங்குள்ள ஹனிஃபாரு விரிகுடாவின் பாறை ஒரு புனலைப் போல வளைந்திருப்பதால், ஓதத்தில் கடல்மட்டம் ஏறும்போது உள்ளே வரும் நுண்ணுயிர்கள் வெளியேற முடியாமல் குவிகின்றன. அந்த விருந்துக்காக மான்டாக்கள் கூட்டம் கூட்டமாக வந்து, வாயைத் திறந்தபடி ஒன்றன்பின் ஒன்றாகச் சுழல்கின்றன. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாள்களில் ஓதம் வலுவாக இருப்பதால் வாய்ப்பு கூடும். பா அடோல் 2011 முதல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகம். ஹனிஃபாருவில் மூச்சுக்குழலோடு மிதந்து பார்க்கலாமே தவிர, காற்றுக் கலன் கட்டிக்கொண்டு மூழ்குவதற்கு அனுமதியில்லை. உரிமம் பெற்ற வழிகாட்டியும் உடன் வர வேண்டும். பக்கத்தில் உள்ள தரவந்தூ ஊர்த் தீவில் உள்நாட்டு விமான நிலையமும் விருந்தினர் இல்லங்களும் இருக்கின்றன. நான் முதல் முறை ஒரு நாளைப் பறிகொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தது இதே அடோலுக்குத்தான், அதுவும் ஜூன் மாதத்தில். மழையைத் திட்டிக்கொண்டே அறையில் உட்கார்ந்திருந்த நான்கு நாளும், படகில் அரை மணி நேரத்தில் இந்தக் காட்சி இருந்தது என்பது எனக்குத் தெரியாது.

பணக் கணக்கில் ஒரே ஒரு குறியைத் தெரிந்துகொண்டால் போதும். விலைப்பட்டியலில் எண்ணுக்குப் பின்னால் '++' என்று இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், சேவைக் கட்டணமும் வரியும் அதில் சேரவில்லை என்று பொருள். சேவைக் கட்டணம் பத்து விழுக்காடு; அதைச் சேர்த்த தொகையின் மேல் சுற்றுலாப் பொருள் சேவை வரி, 2025 ஜூலை முதல் 17 விழுக்காடு. ஆக 100 டாலர் என்று போட்டிருக்கும் சாப்பாடு மேசைக்கு வரும்போது 129 டாலர் ஆகிவிடும். இதற்கு மேல் பசுமை வரி உண்டு: 2025 ஜனவரியிலிருந்து விடுதித் தீவுகளில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 12 டாலர், ஊர்த் தீவுகளின் சிறிய விருந்தினர் இல்லங்களில் 6 டாலர். நான்கு பேருக்கு ஐந்து நாள் என்றால் 240-க்கும் 120-க்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று. நாட்டின் பணம் ருஃபியா, டாலருக்கு 15.42 என்று நிலைநிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஊர்க் கடைகளில் தேநீரும் 'ஹெதிகா' என்னும் பலகாரங்களும் வாங்கச் சிறிய ருஃபியா நோட்டுகள் வசதி. மற்றபடி டாலரே ஓடும்.

விசா பற்றிக் கவலை வேண்டியதில்லை. சுற்றுலாவுக்கு வரும் ஏறத்தாழ எல்லா நாட்டவருக்கும் இறங்கியவுடன் குறைந்தது 30 நாள் அனுமதியை இலவசமாகவே தருகிறார்கள். தங்குமிடப் பதிவும் திரும்பும் சீட்டும் இருக்க வேண்டும். விமானம் கிளம்புவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் 'இமுகா' என்னும் இணையதளத்தில் பயணி அறிவிப்பை நிரப்ப வேண்டும். அது கட்டணமற்றது. அதே போன்ற தோற்றத்தில் பணம் கேட்கும் தளங்களும் உள்ளன; அவசரத்தில் என் நண்பர் ஒருவர் ஐம்பது டாலரை அப்படித் தொலைத்தார்.

எங்கள் பட்டியலின் இறுதியில் இரண்டு தீவுகள் மிஞ்சின. ஒன்று, வட மாலே அடோலில் உள்ள துலுஸ்தூ: விமான நிலையத்திலிருந்து விசைப்படகில் அரை மணி நேரம் சொச்சம், கால்வாய் கடக்க வேண்டியதில்லை, ஆனால் அது அலைச்சறுக்கு ஆடுகிறவர்களின் ஊர், எங்களில் யாரும் அந்த வகையில்லை. மற்றொன்று, தென் அரி அடோலின் திகுரா. அந்தப் பகுதிக் கடலில் திமிங்கலச் சுறாக்கள் ஆண்டு முழுவதும் திரிகின்றன. 2009 முதல் அது பாதுகாக்கப்பட்ட பகுதி. தீவின் ஒரு முனை நீண்ட மணல்திட்டாகக் கடலுக்குள் நீள்கிறது. மாலேயிலிருந்து நேரே விசைப்படகில் போனால் இரண்டு மணி நேரமும் ஒரு பெரிய கால்வாயும். உள்நாட்டு விமானத்தில் மாமிகிலி வரை பறந்தால், அங்கிருந்து அடோலுக்குள்ளேயே சிறிது நேரப் படகுப் பயணம். கூடுதல் செலவை முழங்காலின் பெயரில் எழுதிவிட்டு, திகுராவை முடிவு செய்தோம்.

விருந்தினர் இல்லத்துக்கு எழுதிய முதல் மின்னஞ்சலில் நான் கேட்டவை மூன்று. படகில் ஏறும் இடத்தில் கைப்பிடி உண்டா. விமானம் தாமதமானால் படகு காத்திருக்குமா. சைவச் சாப்பாடு முடியுமா. மூன்றாவது கேள்வி விளையாட்டில்லை. அந்த நாட்டின் சமையல் சூரை மீனைச் சுற்றியே அமைந்தது. காலை உணவான மஸ் ஹுனி என்பது, தேங்காய்த் துருவல், வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சை ஆகியவற்றோடு சூரை மீனைப் பிசைந்து, ரோஷி என்னும் ரொட்டியோடு உண்பது. எனக்கு அதைவிடச் சிறந்த காலை உணவு இல்லை. ஆனால் காய்கறிக் குழம்பென்று வருவதிலும் காய்ந்த மீனோ மீன் சாறோ இருக்கக்கூடும், சிறிய தீவுகளுக்குக் காய்கறியே படகில்தான் வர வேண்டும். 'அப்பா வெங்காயம் சாப்பிடுவார், மீன் வாசம் ஆகாது' என்று முன்கூட்டியே எழுதியதால், அவருக்கென்று பூசணிக்காயும் பருப்பும் வரவழைத்திருந்தார்கள்.

இனி அறையைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீருக்கு மேலுள்ள குடிலுக்கு ஆகும் பணத்தை, கரையிலிருந்தே நீந்திப் போய்ப் பார்க்கக்கூடிய பவளப் பாறை உள்ள தீவுக்குக் கொடுப்பதே மேல் என்பது என் கருத்து. குடில்கள் பெரும்பாலும் ஆழமில்லாத மணற்பரப்பின் மேல் நிற்கின்றன. படத்தில் தெரியும் அந்த இளநீலம் அடியில் வெறும் மணல் என்பதால் வருவது. மீன்கள் இருப்பது, நிறம் திடீரென்று கருநீலமாக மாறும் விளிம்பில். 1998-இலும் 2016-இலும் கடல் சூடேறிப் பவளங்கள் பெருமளவில் வெளுத்துப்போன நாடு அது. எந்தத் தீவின் பாறை இப்போது எப்படி இருக்கிறது என்பதை அண்மையில் போய் வந்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். காற்றுக் கலனோடு மூழ்குகிறவர்கள், கடைசி மூழ்கலுக்கும் விமானம் ஏறுவதற்கும் இடையே ஒரு முழு நாளாவது விட வேண்டும் என்பதையும் அட்டவணையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடல் விமானமும் விமானமே. விடுதித் தீவுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு குறிப்பு: பகல் வெளிச்சம் நீளட்டும் என்று பல விடுதிகள் தம் கடிகாரத்தை மாலேயைவிட ஒரு மணி நேரம் முன்னால் வைத்திருக்கின்றன. திரும்பும் படகின் நேரம் எந்தக் கடிகாரத்தின்படி என்று கேட்காமல் தூங்கப் போகாதீர்கள்.

அப்பாவின் தாளில் கடைசியாக ஒரு பத்தி இருந்தது. 'தாமதமானால்' என்று தலைப்பிட்டு, ஒவ்வொரு இணைப்புக்கும் நேராக, யாரைக் கூப்பிட வேண்டும், அடுத்து என்ன வண்டி, இரவு தங்க நேர்ந்தால் எங்கே என்று எழுதியிருந்தார். வேலானாவில் உள்நாட்டு விமானம் ஐம்பது நிமிடம் தாமதம் என்று அறிவித்தபோது, நான் பதறுவதற்குள் அவர் அந்தத் தாளை எடுத்து நீட்டினார். விருந்தினர் இல்லத்துக்காரருக்குச் செய்தி அனுப்பினேன். 'படகு நிற்கும்' என்று பதில் வந்தது.

நாங்கள் மாமிகிலியின் படகுத்துறைக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. படகோட்டி துறையின் விளிம்பில் அமர்ந்து பாக்கு மென்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, பெட்டிகளை விட்டுவிட்டு முதலில் அப்பாவின் கையைப் பிடித்தார். பக்கத்தில் கட்டியிருந்த பழைய மரப்படகைச் சுட்டி, அதன் பெயர் என்ன என்று என் மகள் சைகையால் கேட்க, அவர் "தோனி" என்றார். "தோணிதான்," என்றார் அப்பா, ஏதோ தாம் முன்பே சொல்லியிருந்ததை அவர் ஒத்துக்கொண்டதைப் போல. பின்வரிசையில், எஞ்சினுக்கு அருகில் அமர்ந்து, சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து, திட்டமிட்ட நேரத்துக்குப் பக்கத்தில் 5.50 என்று எழுதிக்கொண்டார்.